வெள்ளச்சியின் பிள்ளைகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. எங்காவது கையெழுத்துப் போட நேர்ந்தால் மட்டும் அது வெளியே வரும். மற்றபடி எல்லாருக்கும் அவள் காத்தாடிதான். சாப்பிடும்போதுகூட ஒரு முழங்காலைத் தூக்கி, பாதத்தை ஊன்றி, ஓடத் தயாராக உட்கார்ந்திருப்பாள்.

"உனக்குச் சாப்பாடு போடுறதும் ஒண்ணு, ஓடுற பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிறதும் ஒண்ணு" என்பாள் அண்ணி. "கொஞ்சம் உட்காரேன், தரை உன்னைக் கடிச்சா வைக்கப்போகுது?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன் அண்ணி."

"பால் எங்க வீட்டு அடுப்புலதான் இருக்கு. உன் அடுப்பை நீ இன்னைக்குப் பத்தவே வைக்கலை."

அண்ணன் வீடும் அவள் வீடும் ஒரே கூரைதான். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் அண்ணன், அண்ணி. இந்தப் பக்கம் ஓர் அறையும், தகரம் போட்ட ஒரு சமையல்கட்டும், அவளும். சுவரில் ஆணி அடித்தால் இரண்டு வீட்டிலும் சுண்ணாம்பு உதிரும். இங்கே அவள் இருமினால் அங்கே அண்ணன் விழித்துக்கொள்வான்.

அவளுக்கு வேலை வனத்துறையின் நாற்றங்காலில். ரேஞ்சர் அலுவலகத்துக்குப் பின்னால், பச்சை வலைக் கூரைக்குக் கீழே, மண்ணும் மணலும் மக்கிய இலையும் கலந்து பாலிதீன் பைகளில் நிரப்புவாள். ஒரு விதையை வெந்நீரில் போடுவாள், இன்னொன்றை நகவெட்டியால் ஓரம் கிள்ளுவாள், மற்றொன்றை ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். "சில விதைங்க சில மனுஷங்க மாதிரி. சூடு பட்டாத்தான் வாயைத் திறக்கும்" என்று பக்கத்தில் வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிடும். அதற்குள் அவள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போயிருப்பாள்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் மத்தியானம் தூங்கியவள்தான். அவள் கணவன், அண்ணன் மேஸ்திரியாக இருந்த காட்டுத் தீயணைப்புக் குழுவில் வேலை செய்தான். எப்போதும் விசிலடித்துக்கொண்டே நடப்பதால் 'விசில்' என்றே கூப்பிடுவார்கள். ஒரு கோடையில் மேற்குச் சரிவில் தீ ஏறியது. பல வருடச் சருகு அங்கே முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்திருந்தது. வருகிற தீயின் முகத்துக்கு எதிரே தாங்களே ஒரு தீயை வைத்து, இரண்டும் மோதி அணைய வைப்பார்கள். எதிர்த்தீ என்பார்கள் அதை. அன்றும் அண்ணன்தான் வைத்தான். காற்று திரும்பியது. விசில் மேல்பக்கம் நின்றிருந்தான்.

தங்கையின் புருஷனைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கியவன் அண்ணன். அந்தச் சுமையை அவன் அதற்குப் பிறகு இறக்கி வைக்கவே இல்லை.

மறுவருடத்திலிருந்து எதிர்த்தீயை அவன் தொடுவதில்லை. அதற்குப் பதிலாக, கோடை தொடங்கும்போதே, சருகில் பனியின் ஈரம் இருக்கும் காலை வேளையில், மேற்குச் சரிவை அவனே கொளுத்தினான். கணுக்கால் உயரத்துக்கு மேல் எழாத சாதுத் தீ. புல்லையும் சருகையும் நக்கிவிட்டுப் போய்விடும். பெரிய மரம் ஒன்றுகூடச் சாகாது. வருடம் தவறாமல் செய்தான். சரிவுக்குக் கீழே இருந்த வீடுகளில் பிறகு ஒரு பொறிகூட விழவில்லை. "மேஸ்திரி இருக்கிற வரைக்கும் நாங்க கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம்" என்றார்கள் அங்கே குடியிருந்தவர்கள். ரேஞ்சர் மேலதிகாரிகளிடம் சரிவைக் காட்டிப் பெருமைப்பட்டார். யாருக்கும் குறை இல்லை.

மரங்களுக்கு மட்டும் இருந்தது. மரம் வாய் திறந்து சொல்லுமா?

அதைச் சொல்ல ஓர் அம்மாள் வந்தார். பல்கலைக்கழகத்தில் மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். தலையில் பெரிய தொப்பி, கழுத்தில் அளவு நாடா. கன்றுகளை அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்று ரேஞ்சர் காத்தாடியை அனுப்பினார். முளைத்து இரண்டு இலை விட்டதைப் பார்த்தே இது எந்த மரத்தின் பிள்ளை என்று அவள் சொல்லிவிடுவாள். நாற்றங்காலில் தினமும் பார்க்கிற முகங்கள்தானே. அந்த அம்மாளுக்கோ முகங்களைவிட, அவை எங்கே இருக்கின்றன, எங்கே இல்லை, ஏன் என்பதுதான் கணக்கு.

முதலில் ஆற்றோரத்தில், ரொம்ப காலமாகத் தீ நுழையாத ஒரு காட்டுத் துண்டுக்குப் போனார்கள். கயிறு கட்டிச் சதுரம் பிரித்துக் குனிந்தார்கள். காத்தாடி மூச்சு விடாமல் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். அந்த அம்மாளுக்கு எழுதிக் கை வலித்தது. அடுத்து, ஒரே ஒரு முறை எரிந்து பிழைத்த இடம். அங்கே பெயர்கள் குறைந்தன. கடைசியாக மேற்குச் சரிவு. குனிந்தவள் ஒரு பெயரைச் சொன்னாள். அடுத்த சதுரத்திலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும் அதேதான்.

"மேடம், நான் தப்பாச் சொல்றேனா?"

"இல்லம்மா, சரியாத்தான் சொல்றே. நிமிர்ந்து பார். மேலே எத்தனை விதமான மரம் நிக்குது?"

நிமிர்ந்தாள். மேலே எல்லாமே இருந்தன. தடித்த பட்டைக்காரர்கள், மெல்லிய தோல்காரர்கள், முள்காரர்கள், பால் வடிகிறவர்கள். குனிந்தாள். கீழே ஒரே வகைதான். எரிந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிற, பட்டை கனத்த ஒரே குடும்பம். மீதி இடமெல்லாம் புல்.

"சின்னத் தீ பெரிய மரத்தைக் கொல்லாது. அதனால காடு நல்லா இருக்குன்னு எல்லாரும் நினைக்கிறோம்" என்றார் அந்த அம்மாள். "ஆனா வருஷா வருஷம் வந்தா, முளைச்ச கன்னு தீயோட உயரத்தைத் தாண்டி வளரவே நேரம் கிடைக்காது. கீழே விழுந்த விதையும் வெந்துபோகும். வெளிச்சம் விழுற இடத்துல புல் ஏறும். காய்ஞ்ச புல் அடுத்த தீயைக் கூப்பிடும். இந்தப் பெரியவங்க வயசாகிச் சாயும்போது, இடத்துக்கு வர ஆள் இருக்காது."

காத்தாடி மறுபடி குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள். "ஊர் பூரா வாத்தியார் இருக்காங்க மேடம். பள்ளிக்கூடத்துல ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான் உட்கார்ந்திருக்கு" என்றாள். அந்த அம்மாள் சிரித்தார். காத்தாடி சிரிக்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்றுதான் வெள்ளச்சியின் கீழே அவற்றைப் பார்த்தாள்.

வெள்ளச்சி என்பது அவள் வைத்த பெயர். சரிவின் நடுவில், பாறைத் திட்டு ஒன்றின் மேல் நின்ற மரம். காகிதம் போல மெல்லிய, வெளுத்த பட்டை. கோடையில் இலை உதிர்த்துவிட்டால் தூரத்திலிருந்து எலும்பு போலத் தெரியும். அந்த வகையில் சரிவு முழுவதற்கும் அது ஒன்றுதான் மிச்சம். இத்தனை மெல்லிய தோலை வைத்துக்கொண்டு அது தப்பித்ததே அடியில் இருந்த மொட்டைப் பாறையால்தான். அங்கே சருகு தங்காது. தீ சுற்றிக்கொண்டு போய்விடும். அதன் விதைகளை நாற்றங்காலில் அவள் முளைக்க வைத்திருக்கிறாள். சரிவில் கொண்டுபோய் நட்டும் இருக்கிறாள். ஒவ்வொரு கோடையிலும் அண்ணனின் சாதுத் தீ வந்து அவற்றைச் சாம்பலாக்கிவிட்டுப் போகும்.

ஆனால் கடந்த இரண்டு வருடமாகக் கோடையின் தொடக்கத்தில் தூறல் விழுந்து சரிவு நனைந்துவிட்டது. அண்ணன் வைத்த தீ பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில், பாறைக்குக் கொஞ்சம் கீழே, விதைகள் உருண்டு தங்கிய மண்ணில், ஒரு கூட்டமாக எழுந்து நின்றன வெள்ளச்சியின் பிள்ளைகள். முழங்கால் உயரம். விரல் பருமன். இளம் பட்டையில் இன்னும் பச்சை.

காத்தாடி அப்படியே மண்டியிட்டாள். ஒவ்வொரு கன்றின் தலையையும் தொட்டாள். இன்னும் மூன்று நான்கு வருடம் தீ அண்டாமல் இருந்தால் இவை தலையைத் தீக்கு மேலே தூக்கிவிடும். இந்த வருடமோ தூறல் இல்லை. சருகு கையில் எடுத்தால் அப்பளம் போல நொறுங்குகிறது. அண்ணன் கொளுத்தப்போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ரேஞ்சரிடம் ஓடினாள்.

"தீ விஷயத்துல உங்க அண்ணன் சொல்றதுதான்மா. நான் வேற மாதிரி உத்தரவு போட்டு நாளைக்குக் கீழே வீடு எரிஞ்சா யார் பதில் சொல்றது? நீயே அவர்கிட்ட பேசு. அவர் ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை."

அண்ணனிடம் பேசுவதைவிடப் பாறையிடம் பேசலாம். ஆனாலும் பேசினாள்.

"இந்த வருஷம் மேற்குச் சரிவை விட்டுடுண்ணே. தீ தாண்டாம சுத்தி லைன் மட்டும் வெட்டிடலாம்."

அண்ணன் தன் பூட்ஸில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "வேற எந்தச் சரிவு வேணும்னாலும் கேளு."

"எனக்கு வேண்டியது அங்கதானே இருக்கு."

"எனக்கு வேண்டாததும் அங்கதான் இருக்கு." குச்சி ஒடிந்தது. "ரெண்டு வருஷச் சருகு கிடக்கு அங்க. இன்னும் மூணு வருஷம் விட்டா எவ்வளவு சேரும் தெரியுமா? அன்னைக்கு எவ்வளவு சேர்ந்திருந்ததோ அவ்வளவு சேரும். உன் புருஷனைத் தின்ன மேடும்மா அது. அதைப் பசியோட விட்டு வைக்கச் சொல்றியா?"

"நீ வருஷா வருஷம் அதுக்குப் பிள்ளைங்களைத்தானே தின்னக் கொடுக்கிறே!"

"காத்தாடி!" என்று அதட்டினாள் அண்ணி உள்ளேயிருந்து.

"கேளுங்க அண்ணி. நானும் அந்தக் கன்னுங்களோட போய் உட்கார்ந்துக்கிறேன். என்னையும் சேர்த்துக் கொளுத்தச் சொல்லுங்க!"

அண்ணி வாசலுக்கு வந்தாள். கையில் கரண்டி. "நீயாவது, ஒரு இடத்துல உட்கார்றதாவது! தீ வர்றதுக்குள்ள எழுந்து நாலு தடவை வீட்டுக்கு வந்து போயிருப்பே." சொல்லிவிட்டு அவளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே செத்தவனுக்காகத்தான் அடிச்சுக்கிறீங்க. அது உங்க ரெண்டு பேருக்கும் தெரியலை."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

பிறகு வந்த நாட்களில் காத்தாடியின் கால்கள் தரையில் பாவவில்லை. தண்ணீர் ஊற்றிய பைகளுக்கே மறுபடி ஊற்றினாள். வெந்நீரில் போட்ட விதையை எடுக்க மறந்து வேக வைத்தாள். காற்று அடித்தால் மூக்கு தானாக மேற்கே திரும்பும். புகை இல்லை. இன்றைக்கு இல்லை. நாளைக்கு? அவளே போய்க் கன்றுகளைச் சுற்றிச் சருகை வாரலாம் என்று ஒரு மதியம் கிளம்பினாள். காட்டு வழியில் குழுவைச் சேர்ந்தவர்கள் மறித்தார்கள். "மேஸ்திரி யாரையும் சரிவுக்கு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருக்கா. உங்களை முக்கியமா விடக் கூடாதாம்."

கூடப் பிறந்தவனா, சிறைக்காவலனா? அன்று அவள் மனதில் அண்ணனைச் சபித்தாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிறகு வாழ்நாள் முழுதும் நொந்திருப்பாள்.

ஒரு காலை, ஆற்றோரத்தில் விதை பொறுக்க அவளை அனுப்பியிருந்தார்கள். பை பாதி நிறைந்தபோது மேற்கே மெல்லிய நீலப் புகை எழுந்தது.

பையைப் போட்டுவிட்டு ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. செருப்பு ஒன்று எங்கோ போனது. சரிவின் அடியை அவள் அடைந்தபோது தீ முன்னே போய்விட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு. புல் இருந்த இடத்தில் சாம்பல் நூல்கள். "அய்யோ, போச்சே!" என்று கூவிக்கொண்டே ஏறினாள்.

ஏறியவள் நின்றாள்.

கறுப்பின் நடுவே ஒரு பச்சை வட்டம். வெள்ளச்சியின் பிள்ளைகள் ஒன்றுகூட வாடாமல் நின்றிருந்தன. அவற்றைச் சுற்றி ஒரு சருகுகூட இல்லாமல், வீட்டு முற்றம் போல மண் வாரப்பட்டிருந்தது. வட்டத்தின் ஓரத்தில் அண்ணன் இரும்புப் பல் வைத்த நீளக் காம்பு வாரியை ஊன்றி நின்றிருந்தான். முகம் முழுக்கக் கரி. உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது.

"நேத்திலிருந்து வாரினேன்" என்றான். "குழுவை விட்டா கன்னை மிதிச்சிடுவானுங்க. நீ வந்தா தீக்குள்ள நிப்பே. அதான் யாரையும் விடலை."

அவள் அந்தக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சரிவில் ஒன்றாக அழுதார்கள். அழுகை நிற்கும்போதுதான் அவளுக்கு அந்த வாடை வந்தது. புல் எரிந்த வாடை அல்ல. பச்சை மரம் வேகும் வாடை.

"வாரின சருகையெல்லாம் எங்கண்ணே போட்டே?"

"மேலே, மொட்டைப் பாறையில. அங்கதான் பத்தினாலும் பரவ வழி இல்லை."

தீயோடு வாழ்கிறவன் அப்படித்தான் யோசிப்பான். எரிகிற பொருளை எரியாத இடத்தில் கொண்டுபோய்ப் போடுவான். அந்தப் பாறையின் மேல் வெள்ளச்சி நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பெரிய மரத்துக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தான். எந்தப் பெரிய மரமும் அவனுடைய தீயில் செத்ததில்லை. ஓடுகிற தீ மரத்தைத் தொட்டுவிட்டுப் போய்விடும். குவியல் அப்படிப் போகாது. உட்கார்ந்து தின்னும்.

இருவரும் மேலே ஓடினார்கள். மரத்தின் அடியைச் சுற்றி இடுப்பளவு குவியல், வெளியே சாம்பல் மூடி, உள்ளே கனலாகக் கிடந்தது. வாரியால் இழுத்தார்கள். அண்ணன் முதுகில் மாட்டியிருந்த ஸ்பிரேயரால் தண்ணீர் அடித்தார்கள். வெள்ளைப் பட்டை இடுப்புக்குக் கீழே பழுப்பேறிச் சுருண்டிருந்தது.

"மேல்தோல்தானே காத்தாடி? தழைச்சிடும்ல?"

"தழைச்சிடும்ணே" என்றாள் அவள்.

மறுநாள் தனியாக வந்து, ஒட்டுக் கட்டும் கத்தியால் பட்டையில் நகம் அளவுக்குக் கீறிப் பார்த்தாள். உயிருள்ள மரமானால் உள்தோல் ஈரமாக, வெளுத்து இருக்கும். பழுப்பாக இருந்தது. புளித்த வாடை அடித்தது. அடுத்த பக்கமும் அப்படியே. சுற்றி வந்தாள். வடக்குப் பக்கம் மட்டும், ஒரு கை அகலத்துக்கு, வெள்ளை இருந்தது. அந்த ஒரு கை அகலத்தில் தன் உயிரையே வைத்தாள். சேறு குழைத்துப் பூசினாள். குடத்தில் தண்ணீர் சுமந்தாள். ஆராய்ச்சி அம்மாளுக்குப் போன் செய்தாள். "ஒரு பக்கமாவது பிழைச்சிருந்தா வழி இருக்கும்மா. ஆனா முதல் மழைக்கு இலை விட்டா நம்பிடாதே. உள்ள சேர்த்து வச்சிருக்கிறதை வச்சு ஒரு தடவை விடும். அதுக்கப்புறம்தான் தெரியும்" என்றார் அவர்.

முதல் மழைக்கு வெள்ளச்சி இலை விட்டாள்.

அண்ணனுக்குக் கால் நிலத்தில் இல்லை. ரேஞ்சரிடம் சொன்னான், குழுவிடம் சொன்னான், வீடு வீடாகச் சொன்னான். "தாயும் பிள்ளைகளும் சௌக்கியம்!" என்று பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் போல அறிவித்துவிட்டு அவனே சிரித்தான். விசில் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. காத்தாடி என்ன செய்வாள்? அந்தச் சிரிப்பை எந்த வாயால் நிறுத்துவாள்? சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தாள். அறைக்கும் சமையல்கட்டுக்கும், சமையல்கட்டுக்கும் அறைக்கும்.

நல்ல மழைக்காலம். காடே கரும்பச்சையாக நின்ற நாளில், வெள்ளச்சியின் இலைகள் மட்டும் துவண்டு தொங்கின.

அண்ணன்தான் முதலில் பார்த்தான். கட்டைவிரலால் பட்டையை அழுத்தியிருக்கிறான். அது நனைந்த அட்டை போல அப்படியே கையோடு வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவன் அந்தத் துண்டை அண்ணியின் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அண்ணி இந்தப் பக்கம் வந்து காத்தாடியை இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்."

"சொல்லலியே."

"நீ சிரிச்சுக்கிட்டு இருந்தேண்ணே."

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டான். "அன்னைக்கு அவனை நான்தான் கொன்னேன். இன்னைக்கு இதையும். என் கை தொட்டதெல்லாம்…"

"நிறுத்துண்ணே. அவரை நீ கொல்லலை. காத்து திரும்புச்சு. அதை நான் உன்கிட்ட இத்தனை வருஷம் சொல்லாம விட்டது என் தப்பு."

"அப்ப இது?"

அண்ணி தலையசைத்தாள், சொல்லாதே என்று. காத்தாடி சொன்னாள். "இது நீதான். எனக்கு நல்லது செய்யப் போய்ச் செஞ்சே. ஆனா செஞ்சது நீதான்."



"நான் இந்த வேலையை விட்டுடுறேன்" என்றான் அண்ணன்.

"விட்டுட்டு? அந்தப் பிள்ளைங்களை யார் பார்ப்பா? இது வரைக்கும் கன்னு எரிஞ்சா அடுத்த வருஷம் விதை விழும்னு ஒரு தைரியம் இருந்துச்சு. இனிமே விதை போட ஆள் இல்லை. இந்தச் சரிவுல அந்த வகைன்னா இனி அந்தக் கன்னுங்க மட்டும்தான். நீ கொளுத்தவும் கூடாது, வெளித்தீ வரவும் கூடாது. அதுக்கு வேற மேஸ்திரியை நான் எங்க போய்த் தேடுவேன்?"

மழை நின்றதும் அண்ணன் மண்வெட்டியை எடுத்தான். மேற்குச் சரிவைச் சுற்றி, வண்டி போகும் அகலத்துக்குத் தீக்கோடு வெட்டினார்கள். ரேஞ்சர் ஆள் கொடுத்தார். கோட்டுக்கு உள்ளே சருகை அப்படியே விட்டார்கள். அது சேரச் சேர, வேலை முடிந்தாலும் அண்ணன் வீட்டுக்கு வர மாட்டான். கோட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பான். சருகுக்குள் கையை விட்டு ஆழம் பார்ப்பான்.

"ஒரு காத்தாடியை வச்சே சமாளிக்க முடியலை. இப்ப வீட்டுக்கு ரெண்டாயிடுச்சு" என்று அண்ணி நொந்துகொண்டாள்.

அந்தக் கோடையில் எதிர் மலையில் தீ விழுந்தது. யார் போட்ட பீடியோ. ஒரு பிற்பகலில் பள்ளத்தைத் தாண்டி, காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு மேற்குச் சரிவை நோக்கி வந்தது. அவன் வருடா வருடம் கொளுத்துகிற சாதுத் தீ அல்ல இது. ஆள் உயரத் தீ.

குழு தீக்கோட்டில் வரிசையாக நின்றது. முதுகில் ஸ்பிரேயர், கையில் பச்சைக் கிளை. காத்தாடியும் நின்றாள். பொறிகள் தலைக்கு மேல் பறந்து கோட்டுக்குள் விழ ஆரம்பித்தன. ஒன்றை அடித்தால் இரண்டு விழுந்தது. கோட்டின் அகலம் போதாது என்று பார்த்த உடனே தெரிந்தது. குழுவில் ஒருவன் கத்தினான்: "மேஸ்திரி, சரிவைக் கொளுத்திட்டு இறங்கிடலாம்! சருகு எரிஞ்சு போச்சுன்னா வீடாவது தப்பிக்கும்!"

அண்ணன் கையில் டீசல் துணி சுற்றிய கம்பு இருந்தது. இரண்டே வழி. சரிவை எரித்துவிட்டு ஓடுவது ஒன்று. இல்லையென்றால் கோட்டுக்கு வெளிப்பக்கம், வருகிற தீயின் முகத்துக்கு நேரே, எதிர்த்தீ வைப்பது. காற்று அவன் பக்கம் நின்றால் கன்றுகள் பிழைக்கும். காற்று திரும்பினால், கன்றுகளோடு நிற்கிறவர்களும் போவார்கள். அவன் பார்த்தது தீயை அல்ல. தங்கையை.

காத்தாடி அவனிடம் ஓடி வந்தாள். எந்தக் கன்றுகளுக்காக ஒரு வருடம் ஓடினாளோ, அவற்றை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சரிவைக் கொளுத்திடுண்ணே. எனக்குக் கன்னு வேண்டாம். நீ கீழே வந்துடு."

"என்னடி சொல்றே?"

"இன்னொருத்தரை இந்த மேட்டுலேர்ந்து தோள்ல தூக்கிட்டு வர்றதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லண்ணே!"

அண்ணன் ஒரு பிடி சாம்பலை அள்ளி மேலே தூவினான். அது மெதுவாகத் தீயின் பக்கமே நகர்ந்தது. பெரிய தீ தன் முன்னால் இருக்கிற காற்றைத் தானே உறிஞ்ச ஆரம்பித்திருந்தது. இன்னொரு பிடி. அதுவும் அப்படியே போனது.

"எல்லாரும் கீழ் மூலைக்குப் போங்க. பாறைக்குப் பின்னால நில்லுங்க. மேல்பக்கம் ஒருத்தனும் நிக்கக் கூடாது!" என்று கத்தினான். காத்தாடியைப் பிடித்துத் தள்ளினான். "நீயும்தான்! போ!"

எல்லாரும் இறங்கிய பிறகு, கோட்டின் வெளி ஓரமாகக் கம்பை இழுத்துக்கொண்டே ஓடினான். அவன் பின்னால் சின்னச் சின்ன நாக்குகள் எழுந்தன. ஒரு கணம் அவை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தள்ளாடின. பாறைக்குப் பின்னால் காத்தாடி தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள். பிறகு அந்த நாக்குகள் சாய்ந்தன. வெளியே, பெரிய தீயை நோக்கி. இரண்டும் மோதிய இடத்தில் ஒரு கர்ஜனை எழுந்தது. எரிய இனி எதுவும் இல்லாமல் தீ அப்படியே உட்கார்ந்தது.

புகையிலிருந்து அண்ணன் இருமிக்கொண்டே வெளியே வந்தான். புருவம் பொசுங்கியிருந்தது. காத்தாடி அவனை அடித்தாள். தோளிலும் மார்பிலும் மாறி மாறி அடித்தாள். அவன் அடி வாங்கிக்கொண்டு நின்றான்.

பிறகுதான் கன்றுகளைப் பார்க்கப் போனார்கள். பறந்து வந்த பொறி ஒன்று கோட்டுக்குள் விழுந்து ஒரு மூலையைத் தின்றிருந்தது. அந்த மூலையில் நின்ற கன்றுகள் கரிக்குச்சிகளாகிவிட்டன. மற்றவை அனலில் இலை சுருண்டு நின்றன. காத்தாடி ஒன்றின் தண்டை நகத்தால் லேசாகக் கீறினாள். வெளுத்த ஈரம். அடுத்தது. அதிலும் ஈரம்.

"உயிர் இருக்கா?" என்றான் அண்ணன்.

"இருக்கு."

"சொல்லும்மா, நிஜமாவா? போன தடவை மாதிரி…"

"வந்து நீயே தொட்டுப் பார்."

குனிந்து, கொப்புளம் காய்ந்து தழும்பேறிய விரலால் தொட்டான். விரலை முகர்ந்தான். எதிர் மலையில் இன்னும் இரண்டு இடத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது. கோடையில் பாதிகூடப் போகவில்லை. காற்று மறுபடி எழுந்து எரிந்த புல்லின் தூசியை அவர்கள் முகத்தில் வீசியது.

"நாளைக்குக் காலையிலேயே இந்த லைனை இன்னும் அகலப்படுத்தணும்" என்றான்.

"நாளைக்கு எதுக்குண்ணே? இன்னும் வெளிச்சம் இருக்கே."

இருவரும் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு இறங்கினார்கள்.